கே.பி.சுந்தராம்பாளின் லட்ச ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாடகியும் நாடக நடிகையுமான கே.பி.சுந்தராம்பாளின் முதல் படம் 'நந்தனார்' (1935). அதற்கே லட்ச ரூபாய் சம்பளம், அதுவும் ஆண் வேடம் என்று படித்தேன். சினிமா பழகாத ஒருவருக்கு ஏன் இவ்வளவு கொடுத்தார்கள்? அவருடைய பழைய இசைத்தட்டுகளை இணையத்தில் தேடிக் கேட்டேன். உச்சத்தில் நின்று கத்துவதுபோல இருக்கிறது. இதையா கொண்டாடினார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சினிமாவுக்குத்தான் புதியவர். அந்த லட்சம் மேடையில் அவர் சம்பாதித்து வைத்திருந்த பெயருக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே மேடையிலிருந்து தொடங்கினால்தான் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தந்தையை இழந்த ஏழைக் குடும்பம். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த மகனாக வந்து பாடியது அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது. கவனியுங்கள், அதுவே ஆண் வேடம்தான். பெண்கள் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், கட்டுவது அன்றைய மேடையில் சகஜம்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் அந்தக் குரல் புரியும். காண்ட்ராக்டர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் பேசி வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதுதான் ஒரே ஏற்பாடு. இரவு தொடங்கினால் விடியும்வரை. வேடனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் எதிராளி எந்த ராகத்தில் எடுத்து எந்தத் தாளத்தில் விடுகிறாரோ, அதைப் பிடித்து அங்கேயே பதில் பாடியாக வேண்டும். தடுமாறினால் கொட்டகை சும்மா விடாது.

மைக் இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை விளங்க வேண்டும். தாழ்ந்த சுருதியில் பாடினால் ஆர்மோனியமும் மிருதங்கமும் குரலை விழுங்கிவிடும். மேல் ஸ்தாயிதான் அவற்றைத் தாண்டிப் போகும். கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை இயல்பு. ஆண்களுக்கு அங்கேதான் தொல்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பிறகு பெரும்பாலோர் ஒன்று, இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவார்கள். ஜோடியாகப் பாடும்போது யாராவது ஒருவர் திணற வேண்டியதுதான். சுந்தராம்பாளின் கணவரான நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா இதற்கு விலக்கு. அவர் சாரீரம் மேலேயே நின்றது. இலங்கை மேடையில் சேர்ந்த இந்த ஜோடி கொட்டகைகளை நிரப்பியதற்குக் காதல் கதை மட்டும் காரணமல்ல. ஒரே சுருதியில் இருவரும் முழுக் குரலில் மோத முடிந்தது.

1927இல் திருமணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அப்போது இவருக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார், எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கதாநாயகியாக நடிக்கும் வழி அத்தோடு அடைபட்டது. நந்தனாருக்கு ஜோடி தேவையில்லை, நந்தனாரின் எஜமானரான வேதியராக நடிக்க சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் இருந்தார். பின்னால் மணிமேகலை, ஔவையார், 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள் என்று துறவியாகவோ மூதாட்டியாகவோதான் வந்தார். அந்த முடிவை அவர் கடைசிவரை காப்பாற்றியது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

'நந்தனார்' காலத்தில் பின்னணிப் பாடல் முறை இன்னும் தமிழுக்கு வரவில்லை. நடித்துக்கொண்டே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவுக்குப் படாமல் ஒதுங்கி நின்று வாசிப்பார்கள். சரணத்தின் கடைசி அடியில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான், பிலிம் சுருளும் வீண். விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை தயாரிப்பாளருக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இசைத்தட்டு விஷயத்துக்கு வருகிறேன். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மேடையில் அரை மணி நேரம் விரியும் பாட்டை அதற்குள் அடைக்க வேண்டும். நிதானமான விஸ்தாரம் போய்விடும், உச்சமும் பிருகா என்னும் வேகமான ஸ்வர உருட்டலும் மட்டும் மிஞ்சும். நீங்கள் கேட்டது அந்தச் சக்கையைத்தான். இன்னொன்று, எல்லாத் தட்டுகளும் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும், குரலும் கீச்சென்று மெலியும். இணையத்தில் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் இதைச் சரிபார்ப்பதில்லை. கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை வைத்துக்கொண்டு ஆதார ஸட்ஜத்தை, அதாவது பாட்டின் அடிப்படைச் சுரத்தை, ஒத்துப் பாருங்கள். ஆறு, ஆறரைக் கட்டையோடு பொருந்தினால் வேகத்தைச் சந்தேகப்படலாம். கணினியில் ஐந்து சதவீதம் குறைத்துக் கேளுங்கள்.

முதலில் 'திருவிளையாடல்' (1965) படத்தின் 'பழம் நீயப்பா' பாட்டைக் கேட்டுவிட்டு, அந்தக் காதோடு பழைய தட்டுகளுக்குப் போங்கள். நல்ல ஒலிப்பதிவு, வயது ஐம்பத்தேழை நெருங்குகிறது, ஆனாலும் ழகரமும் ஒற்றெழுத்தும் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். இதே உச்சரிப்புதான் அந்தத் தட்டுகளின் இரைச்சலுக்கு அடியிலும் இருக்கிறது.