பெட்டியாக மடங்கும் அரச நண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் (சியாட்டிலை ஒட்டிய கடல் பகுதி) அரச நண்டைப் படத்தில் பார்த்தேன். கொடுக்குகள் போக 6 கால்கள்தான் தெரிகின்றன. நம்மூர் நண்டுக்கு 8 உண்டே, மீதி 2 ஒடிந்துவிட்டனவா?

பதில்: ஒடியவில்லை, ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அரச நண்டுகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் வழிவந்தவை. கடைசிச் சோடிக் கால்கள் சிறுத்து உள்ளே மடங்கி, செவுள்களைத் துடைக்கும் வேலையைச் செய்கின்றன. பெண் நண்டின் வயிற்று மடல் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சங்குக்குள் சுருண்டு வாழ்ந்த மூதாதை விட்டுப்போன அடையாளம் அது.

கேள்வி: சியாட்டிலில் உள்ள என் மகன் ஸ்கூபா பழகியவன். பலமுறை மூழ்கியும் இந்த நண்டு கண்ணில் படவில்லை என்கிறான். எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: மணல் தரையை விட்டுவிடச் சொல்லுங்கள். பாறை, குளிர்ந்த நீர், வேகமான நீரோட்டம் மூன்றும் சேரும் இடமே இதன் வீடு. அலாஸ்காவின் சிட்கா முதல் கலிபோர்னியாவின் மாண்டரே வரை பரவியிருந்தாலும் 137 மீட்டர் ஆழம் வரை வாழ்வதால், பொழுதுபோக்காக மூழ்குபவர்களுக்கு எட்டுவது குறைவு. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பெரிய நண்டுகள் இணைசேர ஆழம் குறைந்த பாறைகளுக்கு ஏறிவரும். அப்போது போகலாம். நீரோட்ட அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் அடங்கும் இடைவேளையில் மட்டுமே இறங்க வேண்டும். அந்த நேரம் தப்பினால் நண்டைத் தேடுவது இருக்கட்டும், பாறையைப் பிடித்து நிற்பதே பெரும்பாடு.

பலர் கோட்டைவிடுவது நிறத்தில். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், விளக்கில்லாமல் பார்த்தால் இந்தச் செந்நிற நண்டு கருத்த கல்லாகத் தெரியும். போதாக்குறைக்கு, கொடுக்கையும் கால்களையும் ஓட்டோடு ஒட்டி மடக்கினால் இடுக்கே இல்லாத பெட்டியாகிவிடும். வளர்ந்ததன் ஓடு 30 செ.மீ. அகலம் வரை போகும். அவ்வளவு பெரியதையே தாண்டி நீந்திப் போய்விடுவார்கள்! பாறை இடுக்குகளில் விளக்கை மெதுவாக நகர்த்த வேண்டும். குட்டிகள் ஆரஞ்சும் ஊதாவுமாக மின்னும், அந்த அழகுக்காகவே தேடலாம். முள் பந்து போன்ற கடல் முள்ளெலி, பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற இரு உயிரினங்களும் இதன் இரை என்பதால் அவை செறிந்த பாறையில் கூடுதல் நேரம் செலவிடலாம்.

இதன் நெருங்கிய உறவான பழுப்புப் பெட்டி நண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கால்களை மடக்கினால் கொடுக்குக்கும் முதல் காலுக்கும் நடுவே வட்டத் துளை ஒன்று தெரியும். சேற்றில் புதைந்திருக்கும்போது மூச்சுக்கு நீர் போகும் வழி அது. அரச நண்டுக்கு அந்தத் துளை கிடையாது.

கண்டுபிடித்தால் படம் எடுக்கட்டும், கையில் எடுக்க வேண்டாம். வாஷிங்டன் மாநில விதிப்படி பியூஜெட் சவுண்டில் இந்த நண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கூண்டில் தானாக வந்து சிக்கினாலும் உடனே கடலில் விட்டுவிட வேண்டும்.