வெண்டல் பெர்ரியின் குளம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் அமெரிக்கக் கவிஞர் வெண்டல் பெர்ரியின் கட்டுரைகளை எடுத்தேன். கணினி வாங்க மாட்டேன் என்கிறார், குதிரை பூட்டி உழுகிறார். சொந்த நிலம் வைத்திருப்பவர் ஊருக்குச் செய்யும் உபதேசமாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணினிக் கட்டுரையோடு பெர்ரியை மூடி வைத்துவிடாதீர்கள். 1987ல் எழுதியது அது. அவர் பென்சிலால் எழுத, மனைவி டான்யா 1956ல் வாங்கிய தட்டச்சுப்பொறியில் அடித்துக் கொடுப்பார் என்று அதில் வரும். மனைவியின் உழைப்பைச் சுரண்டுகிறீர்களா என்று வாசகர்கள் அப்போதே கோபமாகக் கேட்டார்கள். அவர் விரிவாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

ஆனால் அந்தக் கட்டுரை இடம்பெற்ற ‘What Are People For?’ தொகுப்பிலேயே ‘சேதம்’ பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. நியூயார்க்கில் ஆசிரியர் வேலையை விட்டு ஊர் திரும்பி, கென்டக்கி ஆற்றங்கரையில் நிலம் வாங்கி, 1965ல் பெர்ரி குடியேறியது மேடும் சரிவுமான இடம். சரிவில் ஆடுமாடு மேய்க்கத் தண்ணீர் வேண்டுமென்று புல்டோசர் வைத்திருந்த ஒருவரை அழைத்துக் குளம் வெட்டினார். குளத்தில் தண்ணீரும் ஊறியது. அடுத்து வந்த ஈரமான இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மண் ஊறி, மேலே இருந்த காட்டுத் தரையின் ஒரு துண்டு அப்படியே சரிந்து இறங்கிவிட்டது. கையில் பலம் அதிகம், அறிவு குறைவு, குற்றம் தன்னுடையது என்று எழுதுகிறார். இயந்திரத்தைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் இந்தக் காயத்திலிருந்து வருவது. இதை உபதேசம் என்று தள்ள என்னால் முடியவில்லை.

அவருடைய தாத்தாவின் பண்ணையில் வேலிக்கம்பத்தில் தொங்கிய பழைய தகர வாளியைப் பற்றியும் அதே தொகுப்பில் படியுங்கள். பல வருடங்களாக அதில் இலை உதிர்ந்து, மழை தேங்கி, அணில் தின்றுபோட்ட கொட்டை ஓடுகளும் பறவை எச்சமும் விழுந்து, எல்லாம் மட்கி, அடியில் சில அங்குலம் கருமண் ஆகியிருக்கிறது. ஓர் ஊர் தன் கதைகளையும் நினைவுகளையும் இப்படித்தான் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறார். அவர் எழுதியதில் எனக்கு ஆகப் பிடித்த பக்கங்கள் இவை.

நிலம் வைத்திருப்பவரின் சொகுசு என்ற எண்ணம் இன்னும் இருந்தால் ஒன்று சொல்கிறேன். நிலக்கரிக்காக மலையுச்சிகளைத் தகர்ப்பதை எதிர்த்து, 2011 பிப்ரவரியில், தன் 76வது வயதில், கென்டக்கி ஆளுநர் அலுவலகத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து, வாரக் கடைசி முழுக்க அங்கேயே தங்கினார்.

1979 முதல், ஞாயிற்றுக்கிழமை நடைகளில் பிறந்த கவிதைகள் தனி வரிசையாகவே இருக்கின்றன. அடுத்து அவற்றைப் படித்துவிட்டு எழுதுங்கள்.