அண்ணன் மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பழக்கத்தை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. எதிலும் ஆர்வமில்லாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? மருந்து உண்டா?

தயவுசெய்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மாதம் ரொம்பச் சீக்கிரம்.

என் தம்பியும் இப்படித்தான் இருந்தான். மதியம் வரை தூங்குவான். அவனுக்குப் பிடிக்கும் என்று அம்மா வைத்த மீன் குழம்பை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவான். சோம்பேறி என்று அப்பா திட்டினார், நானும் திட்டினேன். அது தவறு என்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின.

டோபமின் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அதன் முக்கிய வேலை, 'இதை மறுபடி செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது. நரம்பு செல் வெளியே விட்ட டோபமினை ஒரு புரதம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கோகெய்ன் அந்த வழியை அடைத்துவிடும். மெத் அதே வழியாக உள்ளே நுழைந்து, சேமித்து வைத்திருக்கும் டோபமினைக் கிளறி வெளியே கொட்ட வைக்கும். இந்த வெள்ளம் நாள்கணக்கில் தொடர்ந்தால் மூளை தன் பங்குக்கு, டோபமினை உணரும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் மீன் குழம்பும் பாட்டும் எப்படி உறைக்கும்?

அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தை விட்ட ஐந்து பேரின் மூளையை முதலில் ஒரு தடவையும், 12 முதல் 17 மாதம் விலகியிருந்த பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்தார்கள். டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் என்று சொன்னேனே, மெத்தால் குறைந்திருந்த அந்தப் புரதம் கணிசமாகத் திரும்பியிருந்தது. ஐந்தே பேர்தான். நினைவுத்திறன் சோதனைகளிலும் அதே அளவு முன்னேற்றம் இல்லை. ஆனாலும் மூளை மீள்வதை மாதத்தில் அல்ல, வருடத்தில்தான் கணக்கிட வேண்டும் என்பதை நான் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மருந்து விஷயம்: மெத் பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2021இல் வந்தது. பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களில் 2.5 சதவீதம். உதவிதான், ஆனால் சிறியது.

இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்டது பரிசு முறை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் உடனே ஒரு கூப்பன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கோகெய்ன் நோயாளிகளிடம் 1990களில் செய்து காட்டியது இது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2011 முதல் நடக்கிறது. லஞ்சம் மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 'ஒழுங்காக இருந்தால் அடுத்த வருடம் நல்ல வேலை' என்பது அந்த நிலையில் ஏறவே ஏறாது. இன்றைக்குக் கையில் கிடைப்பதுதான் ஏறும். ஆலோசகர் சொல்லி, பரிசோதனை சரியாக வந்த நாளெல்லாம் தம்பி கேட்ட சின்னப் பொருளை அன்று மாலையே வாங்கிக் கொடுத்தோம். கையில் பணம் கொடுப்பதை மட்டும் தவிர்த்தோம்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இந்த மந்தமான மாதங்களில் மனச்சோர்வு கடுமையாகலாம். சாவைப் பற்றி அண்ணன் பேசினால் சும்மா சொல்கிறார் என்று விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்தியாவில் இருந்தால் போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவச எண்கள், வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.