ஈறு இறங்கினால் அண்ணத்துச் சதையை ஒட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை. கீழ் முன்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. காலையில் பைப் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே சுரீரென்று கூசுகிறது. மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். அவசியமா? கோயம்புத்தூர் போய்ச் செய்தால் எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

பதில்: கூச்சம் மட்டும்தான் என்றால் அவசரம் வேண்டாம். கூச்சத்துக்கான பற்பசையை ஓரிரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளியுங்கள். கோத்தகிரி ஜனவரியில் நல்ல பல்லே கூசும்! ஆனால் வேர் மாதத்துக்கு மாதம் நீளமாகத் தெரிந்தாலோ, கெட்டி ஈறே மிஞ்சாமல் உதட்டை அசைக்கும்போது ஓரமும் கூடவே இழுபட்டாலோ ஒட்டிவிடுவதே நல்லது. இறங்கிய ஈறு தானாக ஏறாது.

டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "பல்லுக்குப் பல் நடுவில் எலும்பு குறையாமல் இருக்கிறதா?" இருந்தால் வேர் முழுவதும் மூட நல்ல வாய்ப்பு உண்டு. கரைந்திருந்தால் ஓரளவுதான் மூடும். கெட்டி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கிற பழக்கம் இருந்தால் அதை இப்போதே விடுங்கள். விடாமல் ஒட்டினால் ஒட்டியதும் இறங்கும்.

மரத்துப்போக ஊசி போட்டு, அண்ணத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சதை எடுத்து வேர்மேல் தைப்பார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும். அது ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த அண்ணத்துப் புண்ணை மூடிக்கொள்ளப் பிளாஸ்டிக் தகடு செய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

ஒட்டிய சதைக்கு முதல் சில நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் திசுவிலிருந்து ஊறும் நீரில்தான் பிழைக்கும், பிறகே புது ரத்தக் குழாய்கள் நுழையும். அதற்குள் அசைந்தால் போயிற்று. எல்லோரும் செய்கிற தப்பு, உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பது. பார்க்காதீர்கள். மேலே வெளுத்துத் தெரிந்தாலும் பெரும்பாலும் பயமில்லை.

அன்றைக்கே மலை ஏறாமல் கீழே ஒரு ராத்திரி தங்குங்கள். கொண்டைஊசி வளைவில் வாந்தி வந்தால் தையலுக்கு ஆகாது. ஆபீஸ் வேலைக்கு இரண்டு மூன்று நாள் லீவு போதும். சூடான டீ முதல் நாள் கூடாது, வர்க்கி இரண்டு வாரம் கூடாது. ஆறிய ராகிக் களி தாராளமாகச் சாப்பிடலாம். அந்த இடத்தில் பிரஷ் படாமல், டாக்டர் தரும் மருந்துத் தண்ணீரால் கொப்பளியுங்கள். தையல் பிரிக்க பத்துப் பதினான்கு நாளில் இன்னொரு தடவை இறங்க வேண்டியிருக்கும். சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.