குளிரில் எரிவாயு நின்றுபோனது குறித்து

வணக்கம். நார்ஃபோக் கடற்கரை முகாமில் நடந்த உங்கள் மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுள்ள வண்டி) சங்கத்தின் கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலில், சிலிண்டரில் பாதி எரிவாயு மிச்சமிருந்தும் உறைபனி விழுந்த விடியற்காலையில் அடுப்பும் ஹீட்டரும் அணைந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் நீலச் சிலிண்டரில் வருவது பியூட்டேன். ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது ஆவியாவதில்லை என்பதால், உள்ளே திரவம் இருந்தும் அடுப்புக்கு வாயு வந்து சேராது. சிவப்புச் சிலிண்டரில் உள்ள புரொப்பேனோ -42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலப் பயணங்களுக்கு அதுவே ஏற்றது. இரண்டின் இணைப்புகளும் வேறானவை. வண்டியின் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் (வாயுவின் அழுத்தத்தைச் சீராக்கும் கருவி) இருந்தால், சிலிண்டரிலிருந்து அதற்கு வரும் குழாயை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்து வண்டிக்காரர் சொன்னபடி சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவது (நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்) ஆபத்தானது. அதைச் செய்யவே வேண்டாம்.