ஓர் இணையதளத்தின் பயனர் அனுபவத்தைச் சோதிக்க எத்தனை பேர் தேவை?

ஐந்து பேர் போதுமா, ஐம்பது பேர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயனர்கள் ஒரே வகையினர் என்றால், ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்பதே என் உறுதியான கருத்து. தளங்களும் மென்பொருள்களும் பயன்படுத்த எளிதாக உள்ளனவா என்பதை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொணர்கிறார். அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில் தடுமாறுவதால், ஐந்தாவது நபர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடுகின்றன.

ஆகவே 15 பேரைச் சோதிக்க நிதி இருந்தால், அவர்களை மூன்று சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் வடிவமைப்பைத் திருத்துங்கள். மருத்துவமனைத் தளம் போல நோயாளிகளும் மருத்துவர்களும் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தும் தளங்களில், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மூன்று, நான்கு பேரைத் தனித்தனியே அழைக்க வேண்டும். ஒரு பணிக்கு ஆகும் நேரத்தை அளந்து ஒப்பிடுவதற்கோ இந்த எண்ணிக்கை போதாது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, கொடுக்கும் பணி. "பக்கம் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே பலர் ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, முன்பதிவை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டு, உதவாமல் அருகில் அமர்ந்து கவனியுங்கள். நிரல் எழுதத் தொடங்கும் முன், பக்கங்களைக் காகிதத்தில் வரைந்து காட்டியே இதைச் செய்யலாம்.