பொண்ணுக்கு 11 வயசு, மேல் முன்பல்லு தூக்கிட்டு இருக்கு. பக்கத்து டென்டல் கிளினிக்லயே கம்பி போடலாமா, இல்ல சொந்தக்காரங்க சொல்ற மாதிரி 18 வயசு ஆகட்டும்னு விடலாமா?

விடாதீங்க. உடனே கம்பி போடணும்னு சொல்லல, உடனே காட்டிடுங்க. பல்லு தூக்கிட்டு இருந்தா பல்லு மட்டும்தான் காரணம்னு இல்ல, நிறைய பிள்ளைங்களுக்கு கீழ்த்தாடை உள்ள தள்ளி இருக்கும், அதனாலயே மேல்பல்லு வெளிய நிக்கற மாதிரி தெரியும். அப்படி இருந்தா வளர்ற வயசுல ட்வின் பிளாக் மாதிரி கழட்டி மாட்டற அப்ளையன்ஸ் குடுத்து சரி பண்ண பார்ப்பாங்க. வளர்ச்சி நின்னு போச்சுன்னா அந்த வழி அடைஞ்சிடும், அப்புறம் பல்லை எடுத்து சமாளிக்கணும், ரொம்ப அதிகமா இருந்தா தாடை ஆபரேஷன் வரைக்கும் போகும். பொண்ணுங்களுக்கு இந்த வளர்ச்சி பசங்களுக்கு முன்னாடியே வந்துடும், அதான் 11 வயசுல கேட்டது நல்லதுன்னு சொல்றேன். அமெரிக்காவுல ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசை சரி பண்ற ஸ்பெஷலிஸ்ட்) சங்கம் 7 வயசுலயே ஒரு தடவை காட்ட சொல்றாங்க. அதோட, தூக்கின பல்லு விளையாடும்போது கீழ விழுந்தா உடையற சான்ஸும் அதிகம்.

இப்போ யார்கிட்ட போறதுங்கறது. பக்கத்து கிளினிக் டாக்டர்கிட்டயே முதல்ல காட்டுங்க, சொத்தை இருந்தா அடைச்சு, க்ளீன் பண்ணி ரெடி பண்ண அவங்க போதும். ஆனா பல் வரிசை ட்ரீட்மென்ட்டுக்கு பிடிஎஸ்ங்கற பல் டாக்டர் படிப்புக்கு அப்புறம் 3 வருஷம் எம்டிஎஸ் ஆர்த்தோங்கற மேல்படிப்பு படிச்சவங்க வேணும். நிறைய கிளினிக்ல அவங்க வாரத்துல ஒரு நாள், மாசத்துல ரெண்டு நாள்னு விசிட்டிங் வருவாங்க, அதுல தப்பே இல்ல. ட்ரீட்மென்ட் பண்ணப் போறது யாரு, கடைசி வரைக்கும் அவங்களேதான் பார்ப்பாங்களா, நடுவுல கம்பி குத்தினா, பல்லுல ஒட்டியிருக்கற பிராக்கெட் விழுந்தா யாருக்கு போன் பண்றதுன்னு நேரா கேளுங்க, கேட்க கூச்சப்படாதீங்க.

என் பையனுக்கு பார்க்கும்போது ஒரு இடத்துல வாயை திறந்து பார்த்துட்டு எக்ஸ்ரே கூட எடுக்காம அட்வான்ஸ் கட்டுங்க அடுத்த வாரம் போட்டுடலாம்னாங்க, நாங்க வந்துட்டோம். எல்லா பல்லும் தாடையும் ஒண்ணா தெரியற ஓபிஜி எக்ஸ்ரே, தலையை பக்கவாட்டுல எடுக்கற செஃப் எக்ஸ்ரே, பல் அச்சு இல்லனா ஸ்கேன், போட்டோ எல்லாம் எடுத்து, என்ன பிரச்சனை, என்ன பண்ணப்போறோம், எவ்ளோ நாள், மொத்தம் எவ்ளோ செலவுன்னு உட்கார வெச்சு சொல்றவங்கதான் சரி. பல்லு எடுக்கணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க, திருப்தி இல்லனா இன்னொரு ஆர்த்தோகிட்ட அதே எக்ஸ்ரேவை காட்டுங்க. மேல்பல்லு புடுங்கினா கண்ணு பார்வை போயிடும்னு வீட்ல பெரியவங்க பயமுறுத்துவாங்க, அது உண்மை இல்ல.

செலவு யோசனையா இருந்தா டென்டல் காலேஜ் போங்க. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில ஆர்த்தோ டிபார்ட்மென்ட் இருக்கு, மேல்படிப்பு (பிஜி) படிக்கற டாக்டருங்க பேராசிரியர் மேற்பார்வையில பண்ணுவாங்க. காத்திருக்கணும், ஸ்கூல் லீவு போடணும், ஆனா ஒவ்வொரு கேஸையும் பேராசிரியர் பார்த்துதான் விடுவாங்க. தனியார் டென்டல் காலேஜ்லயும் வெளி கிளினிக்கை விட பொதுவா கம்மியாதான் வரும்.

கம்பி போட்டா பெரும்பாலும் ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னு ஆகும். பல்லு நகரணும்னா ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு மறுபக்கம் புதுசா எலும்பு வளரணும், அதை அவசரப்படுத்த முடியாது. 6 மாசத்துல முடிச்சு தர்றோம்னு பார்க்காமலேயே சொல்றவங்களை நம்பாதீங்க. கம்பியை சுத்தி பிரஷ் பண்ணலனா கழட்டும்போது பல்லுல வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும், அதனால முறுக்கு, சீடை, சாக்லேட் எல்லாம் ஒதுக்கிட்டு ராத்திரி பிரஷ் பண்றதை நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. கம்பி எடுத்தப்புறம் பல்லை அதே இடத்துல பிடிச்சு வைக்க ரிடெய்னர்னு ஒண்ணு குடுப்பாங்க, அதை போடலனா பல்லு பழைய இடத்துக்கு திரும்ப போக ஆரம்பிச்சுடும், அதனால ஃபீஸ் பேசும்போதே ரிடெய்னர் அதுல அடக்கமா, தொலைஞ்சா புதுசுக்கு எவ்ளோன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.